வேப்பிலைக் காப்பும் சிமேட் பரீட்சையும்

அத்தியாயம் 11

சிதம்பரத்தில் தங்கம்மாள் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. கூடத்தில் மணை போட்டு, கோலமிட்டு, தாம்பாளங்களில் கண்ணாடி வளையல்களை நிறம் நிறமாக அடுக்கி வைத்திருந்தார்கள். மாமனார் தில்லைநாதன் வந்தவர்களுக்குச் சந்தனமும் கற்கண்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

மணையில் உட்கார வேண்டிய பவானியோ உள் அறையில், அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, நாத்தனார் காயத்ரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எக்ஸாட்?"

"அது முடிஞ்சே போச்சு. அதை என்னாத்துக்குக் கேக்குற?"

"ஒண்ணோட ஒண்ணு குழம்பிடக் கூடாதில்ல. சொல்லுங்க அண்ணி."

"தப்பாப் போட்டா மைனஸ். எட்டு கேள்விக்கு மேல விட்டாலும் மைனஸ்."

"ஸ்நாப்?"

"தப்புக்குக் கால் மார்க் போவும்."

"இன்னைக்கு?"

"சிமேட். சரின்னா நாலு. தப்புன்னா ஒண்ணு போவும். விட்டா ஒண்ணும் இல்ல."

"அப்ப தெரியாத கேள்வி வந்தா?"

"திரும்பிப் பாக்காம போய்க்கிட்டே இருக்கணும்."

காயத்ரி திருப்தியாகத் தலையாட்டினாள். அதே கையோடு அண்ணியின் தலையில் சரிந்த மல்லிகையைத் தூக்கிக் குத்தினாள்.

இந்தக் கூட்டணி சேர்ந்த கதை வாசகர்களுக்குத் தெரியும். கடலூரில் ஒரு இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பவானிக்கு எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை. அண்ணாமலை நகரில் கடைசி வருஷம் படிக்கும் காயத்ரிக்கும் அதே ஆசை. எந்தக் கல்லூரிக் கதவு திறக்கும் என்று தெரியாதபோது எல்லாக் கதவையும் தட்டிவிட வேண்டும் என்பது காயத்ரியின் கட்சி. அதனால் கேட், ஸ்நாப், எக்ஸாட், சிமேட், டான்செட் என்று எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு ஒன்றையும் விடாமல் எழுதுவதென்று இருவரும் முடிவு செய்தார்கள். படிக்க உட்கார்ந்த மாதமே பவானிக்கு நாள் தள்ளிப்போனது.

இனி இவள் புத்தகத்தை மூடிவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் மூடவில்லை. வாந்திக்கு நடுவே வட்டிக் கணக்குப் போட்டாள். வயிறு மேசையில் இடிக்கத் தொடங்கியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கேட் தேர்வில் வந்தது சுமாரான மதிப்பெண். ஸ்நாப்பில் வேகம் போதவில்லை. எக்ஸாட் எழுதியாகிவிட்டது, முடிவு வரவில்லை. அவள் மனசில் வைத்திருந்த இரண்டு கல்லூரிகள் சிமேட் மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்பவை. காலையில் போய்ச் சாயங்காலம் பிள்ளையிடம் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருப்பவையும் அந்த இரண்டுதான். ஆகவே இன்றைய பரீட்சைதான் அவளுக்குப் பரீட்சை.

வளைகாப்புக்கு ஜோசியர் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். பத்திரிகை கொடுத்து, குறிஞ்சிப்பாடியிலிருந்து பவானியின் பெற்றோர் வண்டியும் பேசி முடித்த பிறகு ஹால் டிக்கெட் வந்தது. அதே ஞாயிறு, பிற்பகல், கடலூரில். காலையில் சிதம்பரத்தில் வளையல், மதியம் கடலூரில் பரீட்சை என்று ஸ்ரீதர் சமாதானம் செய்துவைத்ததோடு போன வாரம் நின்றோம்.

ஸ்ரீதர் பவானியின் கணவன். அவன் செய்துவைக்கும் சமாதானங்களில் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும்.

அந்த ஓட்டையைக் காயத்ரி இப்போதுதான் பார்த்தாள். அண்ணியின் வெறுங்கையைப் பிடித்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அண்ணி. கேட் எழுதப் போனப்ப கேட்டுல உங்க தங்க வளையல கழட்டி அண்ணன்கிட்ட குடுத்தீங்க இல்ல?"

பவானி கதவுப் பக்கம் பார்த்தாள்.

"சிமேட்டுக்கும் அதே ரூல்தான? வளையல், மோதிரம் ஒண்ணும் கூடாதுன்னு."

"மெல்லப் பேசு காயு."

"தெரிஞ்சே இருந்தீங்களா?"

"ஒரு வாரமாத் தெரியும். அத்தை எத்தினி ஆசையா வளையல் வாங்கி வந்துச்சு, பாத்தியா? பண்ருட்டிக் கடைத்தெருவ ஒண்ணு விடாம சுத்தி, நிறம் பாத்துப் பாத்து வாங்கிச்சு. அதுகிட்ட போய் எப்படிச் சொல்றது. கேட்டுல நின்னு கேட்டுப் பாக்கலாம்னு இருந்தேன்."

"விடலன்னா?"

"விடலன்னா..." என்று இழுத்தாள் பவானி. ஒரு வாரமாக அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனசு நின்றுவிடும். வளைகாப்பில் போட்ட வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது. கழற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நம்பிக்கையும் இல்லை, நம்பாமல் இருக்கத் தைரியமும் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது யாருக்குத்தான் இருக்கும்.

"விடலன்னா என்னா பண்ணுவே?" என்று கேட்டது காயத்ரி இல்லை.

வாசற்படியில் தங்கம்மாள் நின்றிருந்தாள். கையில் வேப்பிலைக் கொத்து. மாமியாருக்கு எதுவரை காதில் விழுந்தது என்று பவானிக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாமே விழுந்திருக்கும் போலிருந்தது.

அதற்குள் தங்கம்மாளின் பெரிய நாத்தனார் தைலம்மாளும் பின்னால் வந்துவிட்டாள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் முறை சொல்பவள் அவள்தான். "நல்ல நேரம் போவுது, உள்ள என்னா மாநாடு?" என்றாள்.

காயத்ரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

தைலம்மாள் கேட்டுவிட்டு, "இதுல யோசிக்க என்னா இருக்கு," என்றாள். "ஒம்பதாம் மாசத்துல எவளாச்சும் பரீட்சைக்குப் போவாளா? வளையல் போட்டா கழட்டக் கூடாது. பரீட்சை அடுத்த வருஷமும் வரும். பிள்ளை வருமா?"

"பிள்ளையும் அடுத்த வருஷம் வரலாம் அத்தை," என்று காயத்ரி ஆரம்பித்தாள். தாயார் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஸ்ரீதரும் எட்டிப் பார்த்தான். "ஒரு கைக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுட்டா?" என்றான்.

"ஒண்ணுன்னாலும் வளையல்தானடா," என்றாள் தைலம்மாள்.

"இல்லன்னா வளைகாப்பையே அடுத்த வாரம் வச்சுக்கலாம்."

"வந்தவங்களுக்கு வெத்தல பாக்கு குடுத்து அனுப்பிடலாமா?"

பவானி மணலில் காலை வைத்தவள் போல நிலைகொள்ளாமல் நின்றாள். அவளுடைய அம்மா கூடத்திலிருந்து கவலையோடு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வண்டி நிறைய உறவு வந்திருக்கிறது. புளிச்சோறும் எலுமிச்சம் சோறும் அண்டா அண்டாவாக வந்து இறங்கியிருக்கின்றன. தன் ஒருத்தியால் இத்தனை பேர் முகமும் வாட வேண்டுமா?

"நான் போட்டுக்கறேன் அத்தை," என்றாள். "கேட்டுல கேட்டுப் பாக்கறேன். விட்டா எழுதறேன். விடலன்னா திரும்பி வந்துடறேன்."

தங்கம்மாள் வேப்பிலைக் கொத்தைப் புரட்டிக்கொண்டே நின்றாள். பிறகு மகளிடம், "காயத்ரி, நீ அந்த எக்ஸாட்டுக் கேள்வி வாசிப்பியே, அந்த மாதிரி இதை வாசி," என்றாள்.

எக்ஸாட்டில் முடிவெடுக்கும் பகுதி என்று ஒன்று உண்டு. யாருக்கோ ஒரு சிக்கல் வரும். தப்பிக்க வழிகளையும் அவர்களே கொடுப்பார்கள். எது சரி என்று சொல்ல வேண்டும். இரண்டு பெண்களும் அடுப்படியில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்துப் படித்து, குழம்பு கிண்டிக்கொண்டிருந்த தங்கம்மாளுக்கும் ருசி பிடித்துவிட்டது. அவள் சொன்ன பதில்கள் விடைப் பட்டியலோடு ஒத்துப்போனது அபூர்வம். தப்பு செய்த எல்லாரையும் உடனே வேலையை விட்டு நிறுத்தச் சொல்லுவாள்.

காயத்ரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒரு குடும்பத்தில் மருமகளுக்கு ஒரே நாளில் வளைகாப்பும் பரீட்சையும் வருகின்றன. ஏ, வளையல் போட்டுக்கொண்டு பரீட்சையை விடலாம். பி, பரீட்சைக்குப் போய் வளைகாப்பைத் தள்ளி வைக்கலாம். சி, போட்டுக்கொண்டு போய் வாசலில் கழற்றலாம். டி, போட்டுக்கொண்டு போய் வாசலில் கெஞ்சலாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"எக்ஸாட்டுல அஞ்சு இருக்குமேடி."

காயத்ரி விரலை மடக்கி எண்ணினாள்.

"அஞ்சாவது நான் சொல்றேன், கேட்டுக்க. நல்ல நேரத்துல கட்ட வேண்டியது காப்பு. வேப்பிலைக் காப்பு. அதுக்கு அப்புறம்தான் கண்ணாடி வளையல். காப்பு கட்டியாச்சுன்னா விசேஷம் ஆரம்பிச்சாச்சு. இலைய எவன் கழட்டச் சொல்லுவான்? இரும்பா, பித்தளையா? வளையல் எல்லாத்தையும் தாம்பாளத்தோட தூக்கிக்கிட்டு நாமளும் கடலூருக்குப் போறோம். பரீட்சை முடிச்சு வெளிய வந்ததும் போடறோம்."



"ஆறு மணிக்கு மேலயா?" என்றாள் தைலம்மாள். "பொழுது சாயற நேரத்துலயா வளையல் போடுவாங்க?"

"விளக்கு வைக்கிற நேரம்க்கா. அது லட்சுமி வர்ற நேரம்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

தைலம்மாளுக்குத் தன் சொல்லையே மறுத்துப் பேச வழியில்லை. "எங்க வச்சுப் போடுவே, ரோட்டுலயா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்," என்றாள் தங்கம்மாள். பவானியின் கையைப் பிடித்து மணைக்கு அழைத்துப் போனாள். போகிற வழியில் அவள் காதருகே, "ஒரு வாரமா மனசுலயே வச்சிருந்தியே, என்கிட்ட சொன்னா நான் கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள்.

பவானிக்குக் கண் கலங்கியது. மாமியாரோ அதற்குள் அவள் நெற்றிக்குக் குங்குமம் வைப்பதில் மும்முரமாகிவிட்டாள்.

வேப்பங்கொழுந்தை வளையமாக முறுக்கி இரண்டு கையிலும் கட்டினார்கள். பெண்கள் கன்னத்தில் சந்தனம் தடவி, பூவும் அட்சதையும் போட்டு வாழ்த்தினார்கள். பந்தி ஒரே ஓட்டமாக நடந்தது. பவானி தயிர்ச்சோறு மட்டும் கொஞ்சம் சாப்பிட்டாள். பட்டுப் புடவையை மாற்றி, தளர்ந்த பருத்தி சுடிதார் போட்டுக்கொண்டாள். நெற்றிச் சந்தனத்தைத் துடைக்க மட்டும் தைலம்மாள் விடவில்லை.

தைலம்மாளையும் ஏற்றிக்கொண்டு குறிஞ்சிப்பாடி வண்டி முன்னால் போக, ஸ்ரீதரின் கார் பின்னால் போனது. காரில் பவானியும் காயத்ரியும் பின்னால், தங்கம்மாள் முன்னால், மடியில் வளையல் தாம்பாளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளையல்கள் கலகலவென்று சிரித்தன.

புதுச்சத்திரம் தாண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் கரும்பு லாரி வரிசை. ஸ்ரீதர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். அவனுக்குப் பயம் வந்தால் தாளம் போடுவான்.

"இன்னும் எவ்ளோ நேரம்ங்க?" என்றாள் பவானி.

"ரயில் வந்தா திறந்துடுவான் பவா."

"அது எனக்கும் தெரியும்."

"அண்ணி, சும்மா இருக்குறதுக்கு ஒரு கணக்கு போடலாம்," என்றாள் காயத்ரி. "ஒரு ரயில் ஒரு கம்பத்தைத் தாண்ட..."

"வேணாம் காயு. இந்த ரயில் வந்தா போதும்."

தங்கம்மாள் சிரித்தாள். அவள் சிரித்ததில் வளையலும் குலுங்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரயில் வந்து போனது. கரும்பு லாரிகள் நகர்ந்தன.

பரீட்சை மையம் கடலூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. கார் போய்ச் சேர்ந்தபோது வரிசை பாதி உள்ளே போயிருந்தது. பெண்களைச் சோதிக்கும் தடுப்புக்குள் சீருடையில் ஒரு பெண். சட்டையில் ரேகா என்று பெயர்ப்பட்டை. கடுமையான முகம். முன்னால் நின்ற பெண்ணின் தலைக் கிளிப்பைக் கழற்றச் சொல்லி, துப்பட்டாவை உதறிப் பார்த்து அனுப்பினாள்.

பவானியின் முறை வந்தது. உலோகம் தேடும் கருவி அவள் உடம்பைச் சுற்றி வந்தது. மணிக்கட்டில் நின்றது.

"இது என்னா?"

"வேப்பிலைக் காப்புங்க. இன்னைக்கு எனக்கு வளைகாப்பு."

"கழட்டுங்க."

"மேடம், இது வெறும் இலை. காலையிலதான் கட்டினாங்க. பிரசவம் வரைக்கும்..."

"இலைக்குள்ள சீட்டு சொருகி இருந்தா யாரு பதில் சொல்றது?"

தடுப்புக்கு வெளியே நின்ற தங்கம்மாளின் தலை எட்டிப் பார்த்தது. "அம்மா, நான் கட்டுனது. பிரிச்சுப் பாத்துக்கங்க, அறுத்துடாதீங்க," என்றாள். கெஞ்சுகிற குரல் இல்லை. கடையில் துணியைப் பிரித்துக் காட்டச் சொல்கிற குரல்.

ரேகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலதிகாரியைக் கூப்பிட்டாள். கண்ணாடி போட்ட அவர் வந்து, விஷயத்தைக் கேட்டு, "இலையா?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். விதிப்புத்தகத்தில் இலைக்கு இடமில்லை போலும். கடைசியில், "நல்லா செக் பண்ணிட்டு விடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேகா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். பவானியின் கையை மடியில் வைத்து, முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி, இலை இலையாக விலக்கிப் பார்த்தாள். ஒரு கை முடித்து மறு கை. பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். முறுக்கு பிரிந்துவிடுமோ என்று பவானி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்து முடித்ததும், ரேகா பிரிந்த நுனியை மறுபடி உள்ளே செருகி இறுக்கிவிட்டாள். கட்டத் தெரிந்த கை.

"எத்தினாவது மாசம்?"

"ஒம்பது."

"மூணு மணி நேரம் உக்காந்துடுவீங்களா?"

"உக்காந்துடுவேன்."

"பாத்ரூம் போவணும்னா அடக்காதீங்க. திரும்ப செக் பண்ணுவோம், நேரம் போவும். பரவால்ல, போங்க," என்று சொல்லிவிட்டு, "அடுத்தது," என்று குரலை உயர்த்தினாள்.

உள்ளே காயத்ரிக்கு வேறு அறை. பவானி தனியாகத் தன் கணினி முன் உட்கார்ந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ள இடமில்லை. கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தால் வயிறு இடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் ஆங்கிலம் சுலபமாகப் போனது. பொது அறிவில் தெரிந்ததைத் தொட்டாள், தெரியாததைத் தாண்டினாள். புதுத் தொழில் தொடங்குவது பற்றிய பகுதியில் அவளுக்கே ஆச்சரியமாக எல்லாம் கை கொடுத்தது. எண்களும் பட்டியல்களும் வந்த பகுதியில் ஒரு கேள்வித் தொகுப்பு அவளை இழுத்து உட்காரவைத்தது. விடை கிடைக்கும் கிடைக்கும் என்று போக்குக் காட்டியது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது.

திரும்பிப் பாக்காம போய்க்கிட்டே இருக்கணும். காலையில் தானே சொன்னதுதான். விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

இரண்டு தடவை எழுந்து போய் வர வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் ரேகாதான் சோதித்தாள், ஒன்றும் பேசாமல், சீக்கிரமாக. இரண்டாம் தடவை திரும்பி வந்து உட்கார்ந்தபோது அடிவயிறு இறுகியது. கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். நெற்றியைக் கையில் தாங்கியபோது வேப்பிலையின் கசப்பு வாசம் மூக்கில் ஏறியது. இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. மறுபடி வரவில்லை. பிள்ளை புரண்டு படுத்திருக்கிறது, அவ்வளவுதான். திரையைப் பார்த்தாள். நேரம் இருந்தது. விட்டு வந்த அந்தத் தொகுப்புக்கே திரும்பிப் போனாள். இந்த முறை இரண்டு கேள்விகளுக்கு விடை விழுந்தது. மற்றதை விட்டாள்.

நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டபோது, எத்தனை சரி எத்தனை தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கேட் முடிந்தபோது இருந்த அந்தக் காலியான உணர்வு இல்லை. நன்றாகச் சமைத்து இறக்கி வைத்தது போல இருந்தது. ருசி பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

காயத்ரி வராந்தாவில் காத்திருந்தாள். "எப்படி அண்ணி?"

"நீ?"

"நான் கேட்டதுக்கு முதல்ல சொல்லுங்க."

"நல்லா எழுதினேன் காயு," என்றாள் பவானி. பரீட்சை எழுதிவிட்டு இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காயத்ரி அவளைக் கட்டிப்பிடிக்க வந்து, வயிறு குறுக்கே நிற்க, தோளோடு சாய்ந்துகொண்டாள்.

வெளியே வந்தவர்கள் கேட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

பெற்றோர் காத்திருக்கப் போட்டிருந்த தகரக் கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருந்தது. தரையில் பாய். பாயில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. காவலாளி ஆண்டி தன் அறையிலிருந்து கொண்டு வந்த நாற்காலியில் பட்டுத்துணி விரித்திருந்தார்கள். மதியத்துச் சோறு பாக்கி இருந்ததைத் தங்கம்மாள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டிருக்க வேண்டும். யார் யாருடைய அப்பாக்களோ கையில் தொன்னையோடு எலுமிச்சம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள், மூன்று மணி நேரத்தில் ஒரே வீட்டு ஆட்கள் போலாகியிருந்தார்கள்.

"வா, வா, விளக்கு வச்சாச்சு," என்று தங்கம்மாள் கூப்பிட்டாள். பரீட்சை எப்படி என்று அவள் கேட்கவே இல்லை. பவானியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

பட்டுப் புடவையை யாரோ சுடிதாரின் மேலேயே தோளில் போர்த்திவிட்டார்கள். பவானி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தங்கம்மாள் தாம்பாளத்தைத் தூக்கித் தன் நாத்தனாரிடம் நீட்டினாள். "அக்கா, முதல் வளையல் நீங்கதான்."

தைலம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. "நான் வேணாம்னு சொன்னவ. என்னையா கூப்புடுற?"

"வேணாம்னு நீங்க சொன்னது வளையலை இல்லியே. பரீட்சையத்தான. அது முடிஞ்சு போச்சு."

தைலம்மாள் தாம்பாளத்தில் ரொம்ப நேரம் தேடிப் பச்சையும் சிவப்புமாகப் பொறுக்கினாள். "கைய நீட்டு," என்றாள் முறைப்பாக. போட்டு முடித்ததும் பவானியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் சொடுக்கினாள். "ராத்திரி பகலாப் படிச்சிருக்கே. மார்க் வரலன்னா அந்தக் கம்ப்யூட்டர்காரன நான் சும்மா விட மாட்டேன்," என்றாள்.

அதன் பிறகு யாரும் யாரையும் காத்திருக்கச் சொல்லவில்லை. பவானியின் அம்மா போட்டாள். குறிஞ்சிப்பாடி சனம் போட்டது. பரீட்சை முடித்து வந்த பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றவர்கள், ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள். காலையில் முகம் தெரியாதவர்கள், மதியம் போட்டி போட்டவர்கள். ஆளுக்கொரு வளையலைப் பவானிக்குப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு ஜோடியைத் தங்கம்மாளிடம் வாங்கித் தங்கள் கையில் போட்டுக்கொண்டார்கள். வளையல் போட்டுக்கொள்ளக் கூடாத இடத்திலிருந்து வந்த கைகள் எல்லாம் கேட்டு வாசலில் குலுங்கின.

ரேகா வேலை முடிந்து, கைப்பையோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். தங்கம்மாள் அவளை விடவில்லை. "இலை இலையாப் பாத்தீங்களே, வளையலையும் பாத்துட்டுப் போங்க."

அந்தக் கடுமையான முகம் அப்போதுதான் சிரித்தது. ரேகா கைப்பையை ஆண்டியிடம் கொடுத்துவிட்டு வந்து, நீல வளையல் இரண்டைப் பவானிக்கு நோகாமல் ஏற்றிவிட்டாள். "எனக்கு எங்க வீட்டுல போடலைங்க. காதல் கல்யாணம்," என்றாள் தணிந்த குரலில்.

தங்கம்மாள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ரேகாவின் கையைப் பிடித்திழுத்து, தாம்பாளத்தில் மிச்சமிருந்ததில் நல்லதாகப் பார்த்து இரண்டு கைக்கும் போட்டுவிட்டாள்.

இருட்டிவிட்டது, புறப்பட வேண்டும் என்று பவானியின் அப்பா அவசரப்படுத்தினார். வளைகாப்பு முடிந்தால் பெண் பிறந்த வீட்டுக்குப் போவதுதான் முறை. பவானியின் பெட்டியை ஸ்ரீதர் காரிலிருந்து எடுத்துக் குறிஞ்சிப்பாடி வண்டியில் வைத்தான். வைத்துவிட்டு அங்கேயே நின்றான். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடறேன் பவா," என்றான்.

"நடுவுல வரக் கூடாதுன்னு சட்டமா?"

"அப்ப புதன்கிழமையும் வர்றேன்."

"டான்செட் புஸ்தகத்த எடுத்து வச்சீங்களா?"

"முதல்ல அதைத்தான் வச்சேன்."

பவானி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காயத்ரி, மறுநாள் முதல் போனிலேயே படிப்பு என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். ஸ்ரீதர் வண்டியோட்டியிடம் மெதுவாக ஓட்டச் சொல்லி முன்னால் பேசிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத் தங்கம்மாள் ஜன்னல் பக்கம் வந்தாள்.

ஏதோ புத்தி சொல்லப் போகிறாள், நேரத்துக்குச் சாப்பிடு, குங்குமப்பூ போட்டுப் பால் குடி என்று சொல்லுவாள் என்று பவானி குனிந்தாள்.

தங்கம்மாள் ஒருமுறை திரும்பி மகன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டாள்.

"பவானி. இந்த டான்செட்டுக்கு வயசு வரம்பு ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லன்னுதான் நெனக்கிறேன் அத்தை. யாருக்கு?"

"டிகிரி எந்த வருஷம் முடிச்சிருந்தாலும் ஒத்துக்குவாங்களான்னும் பாத்துச் சொல்லு. தபால்ல படிச்ச டிகிரி."

"அத்தை, யாருக்கு கேக்கறீங்க?"

வண்டி உறுமிக் கிளம்பியது. தங்கம்மாள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்கு மட்டும் போன் பண்ணு," என்றாள். "ஸ்ரீதர்கிட்ட சொல்லாத. உன் மாமனாருக்கே தெரியாது."

பவானி வளையல் நிறைந்த கையை வெளியே நீட்டி, "அத்தை, நில்லுங்க," என்றாள். தங்கம்மாள் அதற்குள் காலித் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவள் போலக் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.